முனியப்பன் கயிறும் சிங்கிள் மால்ட்டும்

இங்கே ஸ்காட்லாந்தில் காலி பாட்டில்களுக்கென்று தனித் தொட்டி உண்டு. அதை எடுக்க வண்டி வருகிற நாளில் எல்லா வீட்டு வாசலிலும் அந்தத் தொட்டி நிற்கும். வண்டி அதைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்க்கும்போது எழுகிற சத்தத்தை வைத்தே யார் வீட்டில் எவ்வளவு குடித்திருக்கிறார்கள் என்று தெருவே தெரிந்துகொள்ளலாம். யாரும் வெட்கப்படுவதில்லை. வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு அந்தச் சத்தம் பழகவில்லை. வண்டி எங்கள் வீட்டை நெருங்கும்போது சமையலறைக்குள் போய் மிக்சியைப் போட்டுவிடுவேன். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் என் அம்மா, அப்பாவின் காலி பாட்டில்களை வைக்கோல் போருக்கு அடியில் செருகி வைப்பார். பழைய இரும்புக்காரர் வந்தால் முந்தானையில் சுற்றித் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டு வருவார். அப்பா குடிப்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் பாட்டில் சத்தம் மட்டும் வெளியே கேட்கக்கூடாது அம்மாவுக்கு.

பக்கத்து வீட்டு மார்கரெட் தனியாக இருக்கும் வயதான அம்மாள். ஒருநாள் எங்கள் தொட்டி மூடமுடியாமல் பாட்டில்கள் பிதுங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, "வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார். கேட்டவிதத்தில் இருந்த பரிவு எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரர் குடிகாரர் இல்லை, அவர் விஸ்கி ரசிகர், மாதம் ஒருமுறை நண்பர்களோடு சேர்ந்து ருசி பார்ப்பார், அவ்வளவுதான் என்று என் இங்கிலீஷில் விளக்கினேன். மார்கரெட் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் கணவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார், பாவம்" என்றார். நான் சொன்னதில் ஒன்றுகூட அவருக்கு எட்டவில்லை என்று அன்றைக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த ரசிகர் மன்றத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள், எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிப்பவர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் எங்கள் கூடத்தில் கூடுவார்கள். குடிப்போம் என்று எவரும் சொல்லமாட்டார். செஷன் என்பார்கள். இடுப்பு சிறுத்து வாய் குறுகிய கிளாசில் ஒரு மடக்குகூட வராத அளவுக்கு ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சுழற்றி, கண்ணை மூடி மூக்கை உள்ளே விடுவார்கள். அதற்கு நோஸிங் என்று பேர். பிறகு ஒருவர் ஈரத்தோல் என்பார். இன்னொருவர் கடற்பாசி, பின்னால் கொஞ்சம் ஆஸ்பத்திரிப் பஞ்சு என்பார். என் வீட்டுக்காரர் எப்போதும் வாட்டிய பேரிக்காய் என்பார். பேரிக்காயை யாராவது வாட்டி அவர் பார்த்ததுண்டா? தருமபுரி டவுனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வளர்ந்த மனிதர். சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன் என்பதைக் கண்டுபிடிக்க அவருக்குப் பாதித் தட்டு காலியாக வேண்டும். அந்த மூக்குதான் சாராயம் ஊறிய மரப் பீப்பாயின் வயதைச் சொல்கிறது.

அவர்களுடைய பேச்சில் பாதி, பிளெண்டட் விஸ்கியை வைது தீர்ப்பது. சிங்கிள் மால்ட் என்றால் ஒரே ஆலை, பார்லி தவிர வேறு தானியம் கிடையாது. பிளெண்டட் என்றால் பல ஆலைச் சரக்கை, வேறு தானியச் சரக்கையும் சேர்த்துக் கலந்தது. இதுதான் வித்தியாசம், இதற்கு மேல் நான் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. ஆனால் மன்றத்தில் ஒருவர் ஒருமுறை பிளெண்டட் பாட்டிலோடு வந்தபோது அவர்கள் அதை ஓரமாகத் தள்ளி வைத்த விதம் இருக்கிறதே, வீட்டுக்குள் செருப்போடு வந்தவரைப் பார்ப்பதுபோல. "கலப்புங்க, எதெது சேந்துதுன்னு யாருக்குத் தெரியும்" என்றார் ஒருவர். அந்தக் குரலை எனக்குத் தெரியும். எங்கள் மாவட்டத்தில் பெண் பார்க்கப் போகிற வீடுகளில், எதிர்த்தரப்பின் பூர்வீகத்தை விசாரிக்கும்போது கேட்டிருக்கிறேன். ஊரைவிட்டு இத்தனை தூரம் வந்தும் அந்தக் குரலை மட்டும் பத்திரமாகப் பெட்டியில் கொண்டுவந்திருக்கிறார்கள். அதைக் காட்ட இங்கே ஆள் கிடைக்கவில்லை, பாட்டில் கிடைத்தது.

ஒருமுறை அசல் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் கருத்து வேண்டும் என்று மார்கரெட்டைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து உட்கார்ந்து, மன்றத்தின் ஆக விலை கூடிய மால்ட்டை வாங்கிக்கொண்டு, "லெமனேட் இருக்கிறதா?" என்று கேட்டு, கிளாஸ் நிறைய ஊற்றிக் கலக்கிக் குடித்தார். நன்றாக இருக்கிறது, இனிப்பாக இருக்கிறது என்றார். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. மார்கரெட் போன பிறகு, இந்த நாட்டுக்காரர்களுக்கே இதன் அருமை தெரியவில்லை என்று நெடுநேரம் வருத்தப்பட்டார்கள். நான் வெங்காய பக்கோடா எடுத்துக்கொண்டு போனேன். அதில் பெருங்காயம் கூடிவிட்டது, நோஸிங்கைக் கெடுக்கிறது என்றார்கள்.

நோஸிங் என்றால் என்னவென்று எனக்கும் என் தம்பிக்கும் இவர்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. காரிமங்கலம் சந்தையன்று அப்பா வீடு திரும்பும்போது அவர் வாசற்படி ஏறுவதற்கு முன்பே எங்கள் மூக்கு வேலை செய்யும். வாசனை இலேசாக இருந்தால் பொட்டலத்தில் காராபூந்தி இருக்கும், சாப்பிட உட்காரலாம். நெடி தூக்கலாக இருந்தால் தட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட வேண்டும். நெடியோடு புளித்த வாந்தி வாடையும் சேர்ந்திருந்தால் அம்மாவைத் தனியாக விடக்கூடாது, தம்பி முருகேசனை நான் இழுத்துக்கொண்டு போய் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். அப்பா அந்தக் குடியிலேயே போனார். தம்பி குடிக்கவே மாட்டான் என்று நினைத்தோம். அப்பாவைப் பார்த்து வளர்ந்த பையன் தொடுவானா என்று அம்மா எல்லாரிடமும் சொல்வார். தொட்டான். அப்பாவைவிட வேகமாகக் குடித்தான்.

முருகேசன் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். தக்காளி லோடு, கல்யாண வீட்டு நாற்காலி, எது கிடைத்தாலும் ஏற்றுவான். மஞ்சள் காமாலையில் விழுந்து தருமபுரி பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, கல்லீரல் பாதி போய்விட்டது, இனிமேல் ஒரு சொட்டுக்கூட ஆகாது என்று டாக்டர் அவன் மனைவி கவிதாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கவிதா மகளைத் தூக்கிக்கொண்டு பென்னாகரத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். செத்துப்போவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க என்னால் முடியாது என்று எனக்குப் போனில் சொன்னாள். அதற்குப் பிறகுதான் முருகேசன் கயிறு கட்டிக்கொண்டான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குடியை விட நினைப்பவர்கள் முனியப்பன் கோயிலில் சத்தியம் செய்து மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த முனியப்பனுக்கே வேண்டுதலாகப் பாட்டில் படைப்பவர்களும் உண்டு, அது வேறு. பூசாரி ஏமாளி இல்லை. எதையெதை விடுகிறாய் என்று ஒவ்வொன்றாக வாயால் சொல்ல வைப்பார். பீரைச் சொல்லாமல் விட்டுவிட்டு, பிறகு பீர் சத்தியத்தில் வராது என்று வாதாடிய ஆசாமிகளை அவர் பார்த்திருக்கிறார். முருகேசன் பிராந்தி, விஸ்கி, ரம், பீர், கள், சாராயம் என்று எல்லாவற்றையும் சொன்னான். கயிறு கட்டிய கையோடு பென்னாகரம் போய் நின்றான். கையை நீட்டச் சொல்லிக் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு கவிதா திரும்பி வந்தாள். கயிறு அவிழ்ந்தால் மறுபடி கூப்பிட வராதே என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். அதன்பிறகு அவன் உடம்பு தேறியது. வீடியோ காலில் கன்னம் ஒட்டாமல் அவன் முகத்தைப் பார்ப்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

போன வருடம் தருமபுரியில் நாங்கள் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். நாங்கள் குடியிருக்கப் போகிற வீடு இல்லை. ஊரில் ஒரு வீடு இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளக் கட்டிய வீடு. பெட்டி கட்டும்போது குழந்தைகளுக்கு வாங்கிய சாக்லெட்டில் பாதியை என் வீட்டுக்காரர் வெளியே எடுத்துவிட்டு, என் பட்டுப் புடவைகளில் சுற்றி இரண்டு பாட்டில்களை வைத்தார். ஒன்று சிங்கிள் மால்ட். இன்னொன்று, ஆச்சரியம், பிளெண்டட். அதிலேயே உயர்ந்த ரகமாம். தருமபுரியில் அவருடைய பள்ளிக்கூட நண்பர்கள் இரண்டு பேர், ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் கிரானைட் தொழில். அவர்களும் போனிலேயே ரசிகர்களாகிவிட்டிருந்தார்கள். பல் டாக்டர் மட்டும், நல்ல பிளெண்டட்டுக்கும் மால்ட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் வித்தியாசம் தெரியாது என்று குரூப்பில் எழுதிவிட்டார். அந்த ஒற்றை வாக்கியத்துக்காக என் கல்யாணப் புடவை கண்டம் விட்டுக் கண்டம் பாட்டில் சுமந்தது.

கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் கறி விருந்து. பொழுது சாயும் நேரம் என் வீட்டுக்காரரும் அந்த நண்பர்கள் இருவரும் பாட்டில்களோடு மொட்டை மாடிக்குப் போனார்கள். கீழே நானும் கவிதாவும் அடுப்படியில் இருந்தோம். முருகேசன் விருந்து முடிந்த நாற்காலிகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். மாடியிலிருந்து சோடா கேட்டார்கள். அவன்தான் எடுத்துக்கொண்டு போனான். சோடா கொடுக்கப் போனவன் வரவில்லையே என்று கவிதா என்னைப் பார்த்தாள். நான் ஈரல் வறுவல் தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். பாதியிலேயே அந்த வாசனை வந்தது. அவர்கள் அதில் எந்தப் பழத்தை வேண்டுமானாலும் கண்டுபிடித்துக்கொள்ளட்டும். எனக்கு அது சந்தை நாளில் அப்பா வாசற்படி ஏறுகிற வாசனை, அவ்வளவுதான்.

மாடியில் நடந்தது இது. யாரோ திரும்பி நின்று ஊற்ற, யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று போட்டி வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் பிளெண்டட்டை மோந்துவிட்டு வாட்டிய பேரிக்காய் என்று சொல்லியிருக்கிறார். பல் டாக்டர் சிரித்திருக்கிறார். கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. இப்போது நடுவர் வேண்டும், மால்ட்டைப் பற்றி எதுவும் தெரியாத, ஆனால் குடித்துப் பழகிய நாக்கு வேண்டும். சோடாவோடு முருகேசன் வந்து நிற்கிறான்.

"கயிறு கட்டியிருக்கறனுங்க மாமா" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"உன்ன யாருடா குடிக்கச் சொன்னது? டேஸ்ட் பண்ணச் சொல்றேன். வாயில வெச்சு, சுழட்டி, துப்பிரு. அங்கெல்லாம் இதுக்குன்னு சம்பளம் வாங்கிட்டு வேல செய்யறாங்க. சாயங்காலம் கார் ஓட்டிட்டு வூட்டுக்குப் போறாங்க. கயிறு குடிக்கிறதுக்குத்தான். இது குடியே கெடயாது, மச்சான்."

"நான் பல் டாக்டரு சொல்றேன். கொப்பளிச்சுத் துப்பிட்டா உள்ள ஒண்ணும் போவாதுங்க" என்றார் டாக்டர். கிரானைட்காரர் ஒரு சில்வர் சொம்பை அவனிடம் நீட்டினார்.

நான் கடைசிப் படியில் நின்று "முருகா" என்றேன். அதற்குள் முதல் கிளாஸ் அவன் வாய்க்குள் போய்விட்டது. கண்ணை இறுக்கி மூடி, சொம்பில் துப்பினான். இரண்டாவது கிளாசை நீட்டினார்கள். அதை வாயில் விட்டுக்கொண்டபோது கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். அவனுடைய தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு சொம்பின் மேல் குனிந்து வெறும் எச்சிலைத் துப்பினான். அவர்கள் மூன்று பேரும் அதைக் கவனிக்கவில்லை. எது, எது, முதலா இரண்டாவதா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். "தெரியலீங்க மாமா" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிக் கீழே இறங்கிப் போனான். பின்னால் போனேன். கொல்லைக் குழாயைத் திறந்துவிட்டு வாயைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

"நானா முழுங்கலக்கா. அதுவா எறங்கிருச்சு" என்றான்.

கவிதா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கிட்டே வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. அடுப்பை அணைத்தாள், கையைக் கழுவினாள், மகளுக்குச் செருப்பை மாட்டினாள். அன்று இருட்டுவதற்குள் பென்னாகரம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். முருகேசன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே போய்த் திரும்பி வந்தான்.

நண்பர்கள் போனபிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கவிதா போய்விட்டாள் என்றேன். துப்பித்தானே விட்டான், இதற்குப் போய் யாராவது கோபிப்பார்களா என்றார். "ரெண்டாவது கிளாச அவன் துப்பல. முழுங்கிட்டான். நான் பாத்தேன்" என்றேன். அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பரவாயில்லை, மனிதனுக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு அவர் முகம் மெல்ல மாறியது. "ரெண்டாவதா? ரெண்டாவது எது, மால்ட்டா, பிளெண்டடா?" என்று கேட்டார்.

அந்த நிமிஷம் நான் அவரை வெறுத்தேன். அவர் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். என் அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடித்தவர். ஆனால் தான் செய்வது குடி என்று அவருக்குத் தெரியும். மறுநாள் காலையில் தலையைத் தூக்கி எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். இவர்களுக்குத் தலைகுனிய வேண்டியதே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு இங்கிலீஷ் வார்த்தை வைத்திருக்கிறார்கள். குடிப்பவன் என் தம்பி, ரசிப்பவர்கள் இவர்கள். அவன் கல்லீரலில் ஒரு சொட்டு இறங்கினாலும் அதை இவர்களுடைய போட்டிக்கு ஒரு ஓட்டாகத்தான் எண்ணுவார்கள்.

மறுநாள் காலையில் முருகேசன் முனியப்பன் கோயிலுக்குக் கிளம்பினான். என் வீட்டுக்காரரே காரில் கூட்டிப்போனார், நானும் போனேன். தவறைச் சரிசெய்ய வருகிறார் என்று நம்பினேன். அவன் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பூசாரி முருகேசனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வாயில வெச்சது சரி. முழுங்கினியா?" என்று கேட்டார். முருகேசன் வாயைத் திறப்பதற்குள், "இல்லீங்க சாமி, துப்பிட்டான். நான் பக்கத்துலயே இருந்தேன். அது டேஸ்டிங்குங்க" என்றார் இவர். பூசாரிக்கு டேஸ்டிங் என்றால் என்னவென்று தெரியாது. கோட்டு சூட்டு போடுகிற மனிதர் சாமி முன்னால் நின்று சொல்கிறார், அது போதுமாக இருந்தது. "அப்பறம் என்னத்துக்குப் பயப்படற? அதே கயிறே இருக்கட்டும் போ" என்று திருநீறு பூசி அனுப்பிவிட்டார். காரில் வரும்போது இவர் உற்சாகமாக இருந்தார். சாமியே ஏற்றுக்கொண்டாயிற்று, இனிமேல் கவிதாவுக்கு என்ன குறை என்றார். முருகேசன் பின் சீட்டில் கயிற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வீட்டு வாசலில் இறங்கும்போது, "சாமிகிட்டயே பொய் சொல்ல வெச்சுட்டாரே அக்கா" என்றான்.

மதியம் நான் தனியாகப் பென்னாகரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். கவிதா வரவில்லையென்றால் முருகேசன் ஒருவாரம்கூடத் தாங்கமாட்டான், நேராகக் கடைக்குத்தான் போவான். எனக்கு அது சந்தேகமில்லாமல் தெரிந்தது. கவிதாவின் அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கவிதா சுவரில் சாய்ந்து நின்றாள். நான் பேச ஆரம்பித்தேன்.

"அவன் குடிக்கல கவிதா. ருசி பாக்கறதுன்னு ஒண்ணு இருக்குது. வாயில வெச்சுட்டு துப்பிடுவாங்க. குடிக்கிறது வேற, அது வேற. எங்க ஊர்லயெல்லாம் பெரிய பெரிய ஆளுங்க அதையே வேலையா செய்யறாங்க."

எங்க ஊர்ல என்று என் வாயில் வந்தது. அதுவும் போய், என் வீட்டுக்காரர் மொட்டை மாடியில் சொன்ன அதே வார்த்தைகள். இத்தனை காலம் பக்கோடா தட்டோடு நின்று எதைக் கேட்டு மனதுக்குள் காறித் துப்பினேனோ, அதையே வரி மாறாமல் ஒப்பிக்கிறேன்.

"ரெண்டாவது துப்பலியாமே அண்ணி?" என்றாள் கவிதா.

நான் டீயைப் பார்த்தேன்.

"அவரே போன் போட்டாரு. கோயில்ல இருந்து வந்ததும். சாமிகிட்ட உண்மையச் சொல்ல உடல, உங்கிட்டயாவது சொல்லிர்றேன்னு ஒரே அழுகை. நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க, எனக்குத் தெரியுது. நாளைக்கோ மறுநாளோ பிளேன் ஏறிருவீங்க. அந்த வாயிக்குப் பக்கத்துல படுக்கறவ நான். அதுல எது ஒசத்தி எது மட்டம்னு எனக்கு என்னாத்துக்குங்க அண்ணி?"

ஆறிப்போன டீயை அவள் எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு அவளே சொன்னாள். "அந்தக் கயித்த அவுத்து எறியச் சொல்லுங்க. சாமி வூட்டுல வந்து பாக்கறதில்ல, நாந்தான் பாக்கறேன். தெனம் பொழுதோட வண்டிய நிறுத்துனதும் எங்கிட்ட வந்து ஊதட்டும். மறைக்காம சொன்னாருல்ல, அதுக்கோசரம் வரேன். அதுக்கு மட்டும்தான்."

அவள் வந்தாள். முருகேசன் கயிற்றை அவிழ்த்துக் கோயில் வேல மரத்தில் கட்டிவிட்டு வந்தான். நாங்கள் பிளேன் ஏறும்போது ஒரு பெட்டி இலேசாக இருந்தது. என் பட்டுப் புடவைகளை ஊரிலேயே கவிதாவிடம் விட்டுவிட்டு வந்தேன்.

இங்கே மறுபடி சனிக்கிழமை, மறுபடி செஷன். தருமபுரிக் கதையை என் வீட்டுக்காரர் கூடத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார். எத்தனையாவது முறை என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் மெருகேறுகிறது. மால்ட் என்றால் என்னவென்றே தெரியாத என் மச்சான், பிளெண்டட்டைச் சட்டென்று துப்பிவிட்டான், சிங்கிள் மால்ட்டைத் துப்ப அவனுக்கு மனசே வரவில்லை, அப்படியே உள்ளே இறக்கிவிட்டான், இதைவிட என்ன நிரூபணம் வேண்டும் என்கிறார். இரண்டாவது கிளாசில் எது இருந்தது என்று அன்றைக்கு ஊற்றியவருக்கே நிச்சயமில்லை. இவர் மால்ட் என்று முடிவுசெய்துவிட்டார். எல்லாரும் என் தம்பியின் நாக்குக்காகக் கிளாசைத் தூக்குகிறார்கள்.

நான் அடுப்படியில் இருக்கிறேன். போன் அடிக்கிறது. அங்கே ஊரில் விளக்கு வைத்துவிட்டார்கள், முருகேசனின் வண்டி வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் எனக்கும் சேர்த்துக் காட்டுவது கவிதாவின் வழக்கமாகிவிட்டது. திரையில் முருகேசன் குனிந்து அவள் முகத்துக்கு நேராக ஊதுகிறான். அவள் மூக்கைச் சுருக்கி ஒரு கணம் நிற்கிறாள். "ஒண்ணுமில்ல அண்ணி. வெங்காய வாடைதான்" என்கிறாள். மகள் பக்கத்தில் நின்று சிரிக்கிறாள்.

"அக்கா, உனக்கும் ஊதறேன் பாரு" என்று முருகேசன் போனை வாங்கித் தன் வாய்க்கு அருகில் கொண்டுபோய் ஊதுகிறான். அவன் மூச்சு கேமராவில் படிந்து என் திரை மங்குகிறது, முகம் மறைந்துபோகிறது. என்னை அறியாமல் நானும் போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறேன். என் மூக்குக்கு எட்டுவதெல்லாம் கூடத்திலிருந்து வருகிற வாசனைதான்.